குவாரல் பழக்கிய கேபிள்

இது நடந்தது. கற்பனை செய்து சொல்லும் அளவுக்கு எனக்கு மண்டை கிடையாது. டாஸ்மேனியாவில், லான்செஸ்டன் ஊரில், தெருவுக்கு அடியில் ஓடும் தண்ணீர்க் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. தரையில் மைக்கை வைத்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தார் ரோட்டுக்குக் கீழே ‘ஸ்ஸ்ஸ்...’ என்ற சத்தம் எங்கே வருகிறது என்று கவனித்தபடி நடப்பேன். கேட்காததைக் கேட்டது என்று சொன்னால் மறுநாளே ரோட்டைத் தோண்டிப் பார்த்து என் மானத்தை வாங்கிவிடுவார்கள். அப்படிப்பட்டவன் சொல்கிறேன். போன ஜூன் மாதம், என் வீட்டு முன்னறையில், என் இடது காதை ஒட்டி ஒருவர் இருந்தார்.

என் பெயர் லீத். காதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அந்தக் காதுக்கு ஊருக்குள் ஓர் அவமானம் இருந்தது. அந்த அவமானத்தின் பெயர் டூகல்.

டூகல் பல் டாக்டர். பகல் முழுக்க ‘ங்ஙீ...’ என்று மிஷின் கத்தும் அறையில் நிற்பவன். நியாயமாகப் பார்த்தால் அவனுக்குத்தான் காது போயிருக்க வேண்டும். போகவில்லை.

எங்கள் ஊரில் ஹெட்போன் பைத்தியங்கள் ஒரு டஜன் பேர் தேறுவோம். மாதம் ஒரு சனிக்கிழமை, மதியம், புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்பின் பின்னறையில் கூடுவோம். வெளி ஆளுக்குக் கேபிள் என்றால் வெறும் வயர். நாங்களோ பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகிற வயரை மாற்றினால் பாடகியின் குரலே மாறும் என்று நம்புகிறவர்கள். புதுக் கேபிளை வாங்கிய கையோடு கேட்கமாட்டோம். நாள் கணக்கில் அதன் வழியாகப் பாட்டை ஓடவிட்டுப் பழக்குவோம். பழகின கேபிளுக்குத்தான் மவுசு. நல்ல காதுக்காரர் பழக்கின கேபிள் என்றால் சொத்தை எழுதிக் கொடுக்கவும் ஆள் உண்டு.

கூட்டத்தில் துண்டு ஆட்டம் என்று ஒன்று வைத்திருக்கிறோம். பாரிலிருந்து ஒரு துண்டை எடுத்து வந்து ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்தை மூடிவிடுவோம். ஒருவர் துண்டுக்கு அடியில் கையை விட்டுக் கேபிளை மாற்றுவார், அல்லது மாற்றியது போல நடிப்பார். ஹெட்போன் மாட்டியிருப்பவன் எந்தக் கேபிள் என்று சொல்ல வேண்டும். தோற்றவன் சமையலறைக்குப் போய் எல்லோருக்கும் கறி அடைத்த சாசேஜ் ரோல் சூடு பண்ண வேண்டும். அந்த கிளப் அடுப்பு எனக்கு என் வீட்டு அடுப்பைவிட நன்றாகப் பழக்கம்.

டூகல் தோற்றதே இல்லை. கண்ணை மூடுவான். வாய்க்குள் ஏதோ முனகுவான். “பழசு... பழசு... இப்ப புதுசு,” என்பான். சரியாக இருக்கும்.

“லீத்து, உன் காது குழாய்க்குத்தான்டா லாயக்கு. எங்க வீட்டு டாய்லெட் ஒழுகுனா சொல்லி அனுப்புறேன். போ, போய் அடுப்பப் பத்த வை.”

“கருகினது உனக்குத்தான்டா.”

“கருக விட்டுறாத. வாசனை வருதா வரலையான்னாவது கண்டுபிடிச்சுருவேல்ல?”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வயிறு எரியும். அவனுடைய கேபிள்கள் மேல் எனக்கு ஆசையில்லை. அவன் கண்ணை மூடித் தலையாட்டும்போது அவனுக்குள் போகிற ஏதோ ஒன்று எனக்குள் போகவில்லை என்பதுதான் தாங்க முடியவில்லை. காதை வைத்துப் பிழைக்கிறவன் நான். அது எனக்கல்லவா கேட்க வேண்டும்?

அப்போதுதான் குவாரல் வீட்டுச் செய்தி வந்தது.

கிளைவ் குவாரல் இறந்து நான்கு வருடமாகிறது. அவர் எங்கள் கூட்டத்துக்கு வந்ததே இல்லை. யாரையும் வீட்டுக்குள் விட்டதும் இல்லை. ஆனால் எங்கள் இணையக் குழுவில் அவர் எழுதிய விமர்சனங்கள்தான் எங்களுக்கு வேதம். ஒரு கேபிளைப் பற்றி, ‘மழை விட்ட பிறகு தகரக் கூரை சொட்டுவது போல இருக்கிறது பியானோ’ என்று எழுதினார். எழுதிய வாரத்திலேயே அந்தக் கேபிள் கடையில் தீர்ந்துபோனது. டூகலுக்கு அந்த விமர்சனங்கள் மனப்பாடம். வெள்ளியும் செம்பும் சேர்த்து, தன் கையாலேயே பின்னி, கறுப்புப் பருத்தி உறை போட்டு அவர் செய்துகொண்ட கேபிள் செட் ஒன்று உண்டு. ஹெட்போனுக்கு ஒன்று, பிளேயருக்கு ஒன்று. கடைசி வரை அதில்தான் கேட்டார் என்று பேச்சு.

அவருடைய மனைவி நெரிடா சின்ன வீட்டுக்குக் குடிபோகிறாராம். கிளைவின் சாமான்களை வந்து எடுத்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமை பத்து மணிக்கு என்று குழுவில் எழுதியிருந்தார்.

நான் ஒன்பது மணிக்கே போய் நின்றேன்.

கதவைத் திறந்தவர் இன்னும் இரவு உடையில் இருந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும். “பத்து மணின்னுதானே சொன்னேன் கண்ணு?”

“பக்கத்துல ஒரு குழாய் ஒழுகுதுன்னு பாக்க வந்தேன் மிசஸ் குவாரல். அப்படியே...”

“எந்தத் தெருவுல?”

எனக்கு ஒரு தெருப் பெயரும் வாயில் வரவில்லை. அவர் சிரித்துவிட்டு வழிவிட்டார்.

கிளைவின் அறையில் ஒரு சாய்வு நாற்காலி. அதன் இடது கையை ஒட்டி, இடிக்கிற மாதிரி, ஒரு சாப்பாட்டு மேஜை நாற்காலி. சாய்வு நாற்காலியின் மேல் அந்தக் கேபிள்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. நான் கையை நீட்டினேன். அவர் முந்திக்கொண்டு எடுத்துவிட்டார். மார்போடு வைத்துக்கொண்டார்.

“இத மட்டும் நான் வச்சுக்கலாம்னு பாத்தேன்.”

நீட்டிய கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை.

“நானும் மாட்டி மாட்டிப் பாத்துட்டேன். நாலு வருஷமா. ஒண்ணுமில்ல இதுல.” அவர் குரலில் யார் மேலோ கோபம் இருந்தது. “நீயே கொண்டு போ.”

நான் வெளியே வரும்போது டூகலின் கார் வந்து நின்றது. அவனும் பத்து மணிவரை பொறுக்கவில்லை. என் கையிலிருந்த கறுப்புச் சுருளைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கு இருக்கிறதே... அதைப் பார்க்க நான் ஏழு மணிக்கே போய்க்கூட நின்றிருப்பேன்.

அன்று மாலையே உட்கார்ந்தேன். ஜூன் எங்கள் ஊரில் குளிர்காலம், ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மேவ், என் மனைவி, கடை அடைத்துவிட்டு வர ஏழாகும். ஒரு பியானோ ரெக்கார்டைப் போட்டேன். எனக்கு ஒரு பழக்கம். கேட்கக் கேட்க, கேட்பதை வாய்விட்டுச் சொல்வேன். போன் அதைப் பதிவு செய்துகொள்ளும். பிறகு குழுவில் எழுத வசதியாக இருக்கும்.

“அடி நாதம் நல்லாருக்கு,” என்றேன். “வலது கை ஒவ்வொரு விரலும் தனியாத் தெரியுது...”

பியானோக்காரர் கையைத் தூக்குகிற இடம் வந்தது. ஒரு கண நிசப்தம்.

ஹ்ஹா...

மூச்சு.

“கேக்குது!” என்று கத்திவிட்டேன். “மூச்சு கேக்குது!”

அந்த ரெக்கார்டை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இப்படியொரு மூச்சு அதில் கேட்டதேயில்லை. இதுதான், இதைத்தான் டூகல் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே குழுவில் எழுதினேன். ‘குவாரல் கேபிளில் பியானோக்காரர் மூச்சுவிடுவதுகூடக் கேட்கிறது.’ சடசடவென்று பதில்கள் விழுந்தன. டூகலும் எழுதினான். ‘எனக்குக் கேக்கல. எந்த இடத்துல?’

இந்த வரியைப் பிரின்ட் எடுத்து ஃப்ரேம் போடலாமா என்று யோசித்தேன்.

அடுத்த நாள் ஒரு பாடகி. அவருடைய பாட்டுக்கு நடுவிலும் மூச்சு கேட்டது. அதற்கடுத்த நாள் செல்லோ வாத்தியம். அதிலும். வாயால் விடுகிற மூச்சு. எப்போதும் இடது பக்கம். நான் ஒவ்வொன்றையும் பாராட்டிப் பாராட்டிக் குழுவில் எழுதினேன். எவ்வளவு துல்லியம், என்ன ஆழம் என்று. படிக்கிறவர்கள் புகைந்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த மாதக் கூட்டத்தில் துண்டு ஆட்டத்துக்குக் குவாரல் கேபிளையே வைத்தோம். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வழக்கம் போல வாய்விட்டுப் பேச ஆரம்பித்தேன். மூச்சு கேட்டால் குவாரல். கேட்காவிட்டால் டூகலின் கேபிள். இதில் தப்பு வர வழியே இல்லை. கடைசிவரை ஒன்றுகூடத் தவறவில்லை.

டூகல் ஒன்று தவறவிட்டான். எழுந்து சமையலறைக்குப் போனான்.

“சாஸ் மறந்துராத,” என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்த பார்வையில் என் பழைய முகம் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் சாசேஜ் ரோல் சாப்பிட்டதில்லை.

அதே வாரத்தில்தான், ஹெட்போன் மாட்டாமல் நான் சும்மா உட்கார்ந்திருந்தபோது, மேவ் என் தோளைத் தட்டினாள்.

“ஏய், எத்தன தடவ கூப்பிடுறது? செவிடா நீ?”

“எங்கருந்து கூப்பிட்ட?”

“இங்கருந்துதான். உன் பக்கத்துலருந்து.”

அவள் என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். பிறகு என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். “என்னது இது? ரவுண்டா செவந்திருக்கு. வலது பக்கம் இல்லையே?”

ஹெட்போன் கொஞ்சம் இறுக்கம் என்றேன். இரண்டு நாள் கழித்து, வேலையில், ஒரு ஒழுகலின் மேலேயே நின்றுகொண்டு இங்கே ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் அந்த ரோடு உள்வாங்கியது. என் மேலதிகாரி கத்தவில்லை. காதைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொண்டுவா, அதுவரை மைக்கைத் தொடாதே என்று மட்டும் சொன்னார். பயந்தேன். பயந்தும், அன்று மாலை கேபிளை மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை மாலை 5.40க்கு டூகல் கதவைத் தட்டினான். கையில் நல்ல விஸ்கி.

“ஒரு பாட்டு. ஒண்ணே ஒண்ணு. கேட்டுட்டுப் போயிடுறேன்டா.”

அவன் கெஞ்சியது எனக்குப் பிடித்திருந்தது. உட்கார வைத்தேன். எதிரே நின்றுகொண்டேன். அவன் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினான். வழக்கம் போல முனகத் தொடங்கினான்.

“ம்... அகலம் ஜாஸ்தி... பின்னாடி ஏதோ மினுக்குது...”

அப்போது பார்த்தேன்.

ஹெட்போனின் இடது பக்கத்து மெத்தை மெதுவாக அமுங்கியது. வெளியிலிருந்து யாரோ அழுத்துவது போல. டூகலின் கன்னத்துச் சதை மடிந்து வெளுத்தது. அவன் தலை கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் சாய்ந்தது.

அவன் கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

“லீத்து... கேக்குதுடா. மூச்சு... எவ்வளவு பக்கத்துல...”

நான் கத்தியிருக்க வேண்டும். அவனை எழுப்பி வெளியே இழுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். எனக்கு அந்த நொடியில் தோன்றியது வேறு. என்னை விட்டுவிட்டு இவனிடம் போய்விட்டதே. அதுதான் தோன்றியது. பாய்ந்து அவன் தலையிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கினேன்.

“டேய்! என்னடா?”

“போதும். கிளம்பு.”

“ரெண்டு நாளைக்கு மட்டும் குடுடா. என் ஆம்ப்ளிஃபையர வேணா நீ வச்சுக்க.”

“வீட்டுக்குப் போ டூகல்.”

விஸ்கியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். கார் சத்தம் தேய்ந்தது. மணி 6.05. அப்புறம்தான் என் கண் பிளேயர் மேல் போனது. நான் அவனுக்குப் போட்டிருந்தது முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்த இசை. அதில் மனிதர்கள் யாருமில்லை. மூச்சுவிட ஆளே இல்லை.

ஆனாலும் நிச்சயமாகத் தெரிந்தாக வேண்டும். என் வேலைப் புத்தி அது. ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

“யாராவது இருக்கீங்களா?” என்றேன்.

ஹ்ஹா...

இசையை நிறுத்தினேன்.

ஹ்ஹா... ஹ்ஹா...

ஆம்ப்ளிஃபையரை அணைத்தேன். சிவப்பு விளக்கு அணைந்தது.

ஹ்ஹா...

ஹெட்போன் பின்னைப் பிடுங்கினேன். கேபிளின் முனை என் மடியில் கிடந்தது. எதோடும் சேராமல்.

ஹ்ஹா...

கன்னத்தில் மெத்தை அழுந்தியது.

இடது பக்கம் ஒரு நாற்காலி... கிர்ர்க் என்றது.

அந்தப் பக்கம் என் வீட்டில் நாற்காலியே கிடையாது.

பிறகு குரல். ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரல்.

“என்ன... கேக்குது... உனக்கு?”

கையைத் தூக்கப் பார்த்தேன். முடியவில்லை.

“சொல்லு.”

தலை சாய்ந்தது.

“எனக்குச் சொல்லு.”

சொன்னேன்...

கண்ணைத் திறந்தேன். மேவ் கதவருகே நின்றிருந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி 7.20.

“யார்கிட்ட பேசிட்டிருக்க?”

“யார்கிட்டயும் இல்ல.”

“பியானோ எப்படி இருக்கு, வயலின் எப்படி இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருக்க. நான் வந்து பத்து நிமிஷமாச்சு லீத். பாட்டே ஓடல. எல்லாம் ஆஃப்ல இருக்கு.”

அவள் அழுதுகொண்டிருந்தாள். இடது பக்கம் வந்து என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் ஏதோ சொன்னாள். அவள் உதடு அசைந்தது தெரிந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் பரிசோதனை. வலது காது பழுதில்லை. இடது காதில் ஒன்றுமே கேட்கவில்லை. காரணம் தெரியவில்லை என்றார் டாக்டர். அடிபட்டதா, காய்ச்சலா, வெடிச் சத்தமா என்று கேட்டார். இல்லை, இல்லை, இல்லை என்றேன். ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு நாற்பது வயதுக்கு மேல் வேறு என்ன வேலை தேடுவது என்று யோசித்தபடியே நேராகக் குவாரல் வீட்டுக்குக் காரை விட்டேன்.

நெரிடா பெட்டிகளுக்கு நடுவே டீ குடித்துக்கொண்டிருந்தார். கேபிள் சுருளை மேஜை மேல் வைத்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கப்பைக் கீழே வைக்கவேயில்லை. டீ அப்படியே ஆறிப்போனது.

“கிளைவுக்குக் காது கேக்காது கண்ணு,” என்றார்.

“என்னது?”

“சாகறதுக்கு ஒன்பது வருஷம் முன்னாடியே போயிடுச்சு. ரெண்டு காதும். வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டார். அதான் எங்கயும் வர மாட்டார்.”

“அப்ப அந்த விமர்சனமெல்லாம்?”

“ஹெட்போன என் தலையில மாட்டி, என்னைய சாய்வு நாற்காலில உக்கார வைப்பார். அவர் என் இடது பக்கம் சின்ன நாற்காலியப் போட்டுக்கிட்டு, ஹெட்போனோட மூடி மேல காத வச்சு அழுத்துவார். எனக்குக் கழுத்தே வலிக்கும். என்ன கேக்குது, என்ன கேக்குதுன்னு ஒரே நச்சரிப்பு. எனக்கு என்ன தெரியும்? தகரக் கூரை சொட்டுதும்பேன். கெட்டில் கொதிக்குதும்பேன். வாய்க்கு வந்தது. அத எழுதிக்குவார்.”

டூகல் மனப்பாடம் செய்து வைத்திருந்த வேதம்! வேறொரு நாளாயிருந்தால் உருண்டு புரண்டு சிரித்திருப்பேன்.

“எழுதி முடிச்சுட்டு என்னைய ஒரு பார்வை பாப்பார் பாரு. அவர் பொருள நான் திருடிட்ட மாதிரி. ஜன்னல்ல குருவி கத்தி நான் திரும்பிப் பாத்தாக்கூட அவருக்கு ஆகாது. உனக்கு மட்டும் என்னடி கேக்குதுன்னு சண்டைக்கு வருவார். அம்புட்டு பொறாம.”

அவர் எழுந்து என் பக்கத்தில் வந்தார். முகத்தில் பயம் இல்லை.

“உங்கிட்ட வந்தாரா?”

“ஆமா.”

“நாலு வருஷம். தினமும் மத்தியானம் இத மாட்டிக்கிட்டு அதே நாற்காலில உக்காந்தேன். எங்கிட்ட ஒரு நாள் வரல. உங்கிட்ட வந்தாரா? யாரோ ஒரு குழாய்க்காரன்கிட்ட? நீ என்ன பண்ணின? எதுக்கு வந்தார்?”

“எதுவும் பண்ணல. பாட்டக் கேட்டேன். கேட்டத வாய்விட்டுச் சொல்லிக்கிட்டிருந்தேன். அவ்வளவுதான்.”

“சொன்னியா?”

“ஆமா. அது என் பழக்கம்.”

நெரிடா மேஜை மேலிருந்த கேபிளைப் பார்த்தார். “நான் சும்மா உக்காந்திருந்தேன்,” என்றார் மெதுவாக. “வாயே தொறக்கல. இனிமே யாருக்குச் சொல்லணும்னு...”

“மிசஸ் குவாரல், வேண்டாம். என் காதப் பாருங்க. இத எரிச்சிருவோம்.”

நான் கேபிளுக்குக் கை நீட்டுவதற்குள் அவர் அதை வாரி எடுத்துவிட்டார். “என் புருஷன் செஞ்சது,” என்றார். “போயிட்டு வா கண்ணு.”

அதற்குப் பிறகு என்னை ஆபீஸில் உட்கார வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு பரிசோதனை. வலது காது அப்போதும் இப்படியே நன்றாக இருந்தால் மைக்கைத் திருப்பித் தருவார்களாம். மேவ் எப்போதும் என் வலப்பக்கம் நடக்கப் பழகிக்கொண்டாள். அந்தக் கேபிளை மறந்துவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். மறக்கவில்லை. நெரிடாவிடம் இருக்கிறதே, என்னிடம் இல்லையே என்று தினமும் மாலை ஐந்தரைக்கு மனசு அரிக்கும். பயத்தைவிட அது பெரிதாக இருந்தது.

போன வாரம் பொறுக்க முடியாமல் நெரிடாவுக்குப் போன் செய்தேன்.

“ஹலோ? யாரு? ...இரு இரு. இந்தக் காதுல ஒண்ணும் கேக்கல. அந்தக் காதுக்கு மாத்திக்கிறேன்... ம், இப்ப சொல்லு.”

நான் போனை வலது காதில் அழுத்திக்கொண்டேன். “லீத் பேசுறேன். நல்லாருக்கீங்களா?”

“ரொம்ப நல்லாருக்கேன் கண்ணு. எனக்கென்ன குறை?” குரலில் அப்படியொரு சந்தோஷம். உடனே அது சுருங்கியது. உர்ரென்று ஆனது. “ஆனா பாரு, நான் இவ்வளவு சொல்றேன், நாள் பூரா சொல்றேன், பத்தல அவருக்கு. உன்னத்தான் விசாரிக்கிறார்.”

“என்னையா? என்னன்னு?”

“உன் வலது காது எப்படி இருக்குன்னு.”